பிரித்துத் தைத்த மேல்சட்டை

பழுப்பு நிறக் கம்பளியில் தைத்த பெண்கள் மேல்சட்டை இது. உள்ளே முழுக்கப் பட்டு லைனிங். கழுத்திலும் மணிக்கட்டிலும் ஊதாப் பட்டுப் பட்டி வைத்திருக்கிறார்கள். கை தோளருகே பெரிதாக உப்பி, முழங்கைக்குக் கீழே சட்டென்று சுருங்கி ஒட்டி இறங்குகிறது. ஐரோப்பியப் பாணி உடைகளில் இந்த உப்பல் 1895 வாக்கில் உச்சத்துக்குப் போய், அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளிலேயே வற்றிவிட்டது. அதனால் கையைப் பார்த்தே காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம்.

பழைய துணிகளைப் பாதுகாக்கும் எங்கள் மேசைக்குச் சட்டையோடு ஒரு கோரிக்கையும் வந்தது. சேகரிப்பின் பொறுப்பாளர் எழுதியிருந்தார்: காட்சிக்கு வைக்கப் போகிறோம், பக்கத் தையலை யாரோ பிற்காலத்தில் பிரித்து, இடுப்பை அகலமாக்கி, கையால் கோணல்மாணலாகத் தைத்திருக்கிறார்கள், அதை எடுத்துவிட்டு முதலில் தைத்த வடிவத்துக்கே கொண்டுவர முடியுமா? கேட்டதில் தவறில்லை. 1890களின் உடை என்று பெயர்ப் பலகை எழுதும்போது 1890களின் இடுப்பு தெரிய வேண்டும் என்று நினைப்பது இயல்புதான். வேலை முடிந்து சட்டை போனபோது அந்தக் கைத்தையல் இருந்த இடத்திலேயே இருந்தது. ஏன் அப்படி முடிந்தது என்பதைச் செய்முறையோடு சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை சட்டையைத் தனிமைப்படுத்துவது. முதுகுப் பக்கக் கம்பளியில் சிறு ஓட்டைகள். ஓட்டையின் ஓரத்தில் வெள்ளை இழையால் பின்னிய மெல்லிய குழல், பக்கத்தில் பொடிப்பொடியாகப் பழுப்பு மணிகள். குழல், துணி அந்துப்பூச்சியின் புழு பின்னியது. மணிகள் அதன் எச்சம். புழு தின்ற நூலின் சாயம் எச்சத்திலும் இறங்கிவிடும்; ஆகவே எச்சத்தின் நிறமே அது எதைத் தின்றது என்று காட்டிக்கொடுக்கும். பறக்கிற பூச்சி எதையும் தின்பதில்லை, சேதமெல்லாம் புழுவின் வேலை. கம்பளி, உரோமம், இறகு எல்லாம் அதற்கு உணவு. வியர்வை படிந்த இடம் என்றால் இன்னும் விருப்பம்.

உயிரோடு முட்டையோ புழுவோ இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பதைவிட உறையவைப்பது நல்லது. டிஷ்யூ தாளில் பொதிந்து, பாலித்தீன் பையில் போட்டு, காற்றை முடிந்தவரை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 30 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் வைத்தோம். மைனஸ் 18, 20 அளவிலான சாதாரண ஃப்ரீசர்தான் இருக்கிறது என்றால் இரண்டு வாரம் விட வேண்டும். கவனம் தேவைப்படுவது வெளியே எடுத்த பிறகுதான். பையை உடனே பிரிக்கக் கூடாது. உள்ளே இருப்பது அறை வெப்பத்துக்கு வரும்வரை, ஒரு நாளாவது, மூடியே இருக்கட்டும். அவசரப்பட்டால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த துணிமேல் நேராகப் படியும். விறைத்துக் கிடக்கும் இழைகளை அந்த நேரத்தில் தொடவும் கூடாது.

அப்புறம் படம் எடுப்பது. முன், பின், உள், வெளி எல்லாவற்றையும் நிற அட்டையும் அளவுகோலும் சட்டகத்துக்குள் தெரியும்படி எடுக்க வேண்டும். அதன்பின் விளக்கைத் தாழ இறக்கி, துணிக்குக் கிட்டத்தட்டப் படுக்கை வாட்டில் ஒளி விழும்படி வைத்து இன்னொரு சுற்று. நேர் வெளிச்சத்தில் ஒன்றுமில்லாத மாதிரி கிடந்த இடத்தில் சாய்ந்த ஒளி பட்டால் பழைய மடிப்புக் கோடு, பிரித்த தையலின் ஓட்டை வரிசை, இஸ்திரி அழுத்திய தடம் எல்லாம் எழுந்து வரும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த கட்டம் இதுதான். இன்னும் துணிக்கு எதுவும் செய்யவில்லை, ஆனால் பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது.

மேசையருகே பேனா வராது, குறிப்பெல்லாம் பென்சிலில்தான். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். கையுறை என்றால் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர். பருத்திக் கையுறையின் இழை, பிசிறு கிளம்பிய துணியில் மாட்டி இழுக்கும். விரலுக்கு உணர்வும் தெரியாது. பழைய சேகரிப்புகளில் பூச்சிக்குப் பயந்து ஆர்சனிக், பாதரச உப்புகளைத் தூவி வைத்த வழக்கமும் உண்டு. கையுறைக்கு அதுவும் ஒரு காரணம். அதனால் துணியைத் தொடாமலே உள்ளிருக்கும் தனிமங்களைச் சொல்லும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியால் பல இடங்களில் பார்த்தோம். ஆர்சனிக்கும் பாதரசமும் தென்படவில்லை. லைனிங் பட்டில் மட்டும் வெள்ளீயம் தூக்கலாகக் காட்டியது. அது நல்ல செய்தி அல்ல. காரணம் பின்னால் வருகிறது.

இழை எது என்று உறுதி செய்ய வெட்டி எடுக்கத் தேவையில்லை. தையல் இடுக்கில் தானாக உதிர்ந்து கிடக்கும் பிசிறு போதும். மைக்ராஸ்கோப்பில் கம்பளி இழைமேல் செதில் அடுக்கு தெரிகிறது. பட்டு வழவழப்பான கண்ணாடிக் கம்பி. குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூலை மழுங்கிய முக்கோணம். நடுவில் விறைப்புக்கு வைத்த துணியின் இழை முறுக்கிக்கொண்ட தட்டை நாடாவாகத் தெரிந்தது, அது பருத்தி. சட்டைக்குள் நெட்டுக்குத்தாக வைத்துத் தைத்த கம்புகளில் ஒன்று உறை கிழிந்து எட்டிப் பார்த்தது. கருத்த நிறம், முனையில் நார்நாராகப் பிரிகிறது. திமிங்கிலத்தின் வாயில் சல்லடையாகத் தொங்கும் தகடு அது. எலும்பு என்று பெயர் சொன்னாலும் நம் நகத்திலும் முடியிலும் உள்ள அதே கெராட்டின்தான். ஆகவே அதையும் பூச்சி தின்னும். உறைக்குள் தூள் கொட்டியிருக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டியிருந்தது. இல்லை.

இனிப் பக்கத் தையல்.

இந்தக் காலத்து மேல்சட்டைகளில் ஒவ்வொரு துண்டுக்கும் வெளித்துணியையும் லைனிங்கையும் ஒன்றாக அடுக்கி, ஒரே துணி என்று கொண்டு தைப்பார்கள். அதனால் தையலுக்கு விட்ட துணி உள்ளே மூடாமல் திறந்தே இருக்கும். ஒரு தையலையும் பிரிக்காமல், சட்டையை உட்புறமாகத் திருப்பிப் பார்த்தாலே வரலாறு தெரியும். இடது பக்கத்தை லென்ஸ் வைத்து மேலிருந்து கீழாகப் பார்த்து வந்தேன். இப்போதுள்ள தையல் கைத்தையல்: பருத்தி நூல், பின்தையல், அங்கங்கே முடிச்சு. அதிலிருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி, அதற்கு இணையாக இன்னொரு ஓட்டை வரிசை. சீரான இடைவெளி, மெஷின் தையலின் தடம். சில ஓட்டைகளில் பழைய பட்டு நூலின் துணுக்கு இன்னும் மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு துண்டுக்கு 12 என்றால் இரண்டு பக்கத் தையலிலும் சேரும் நான்கு துண்டுக்கும் சேர்த்துச் சுற்றளவில் 48 மில்லிமீட்டர் கூட்டியிருக்கிறார்கள்.

வெளிப்பக்கம் திருப்பினால் நிறம் பேசியது. சட்டையின் உடல் முழுக்க வெளிறிய பழுப்பு. தையலை ஒட்டி இருபுறமும் ஒரு பட்டை மட்டும் கூடுதல் அடர்த்தி. முதலில் உள்ளே மறைந்திருந்து, பிரித்தபின் வெளியே வந்த துணி அது. இதுவரை எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். ஆனால் சாமணத்தால் உள் ஓரத்தை லேசாகத் தூக்கி, இன்றுவரை வெளிச்சமே பார்க்காத விளிம்பையும் சேர்த்து ஒப்பிட்டபோது அங்கே மூன்றாவது பழுப்பு ஒன்று இருந்தது. விளிம்பு நன்றாகக் கருத்தது. நடுப்பட்டை அதைவிட வெளிறியது. உடல் எல்லாவற்றையும்விட வெளிறியது. நடுப்பட்டை வெளிற வேண்டுமானால், பிரித்துத் தைத்த பிறகும் சட்டை நெடுங்காலம் வெளிச்சத்தில் புழங்கியிருக்க வேண்டும். பெட்டியில் கிடந்திருந்தால் அந்த வித்தியாசம் வராது.

அக்குளில் இன்னொரு சாட்சி. வியர்வைக் கறையின் விளிம்பு பழைய துணியில் தொடங்கி, கைத்தையலைத் தாண்டி, புதிதாக வெளிவந்த பட்டைமேலும் விடாமல் வளைந்து போகிறது. இடுப்பின் உள்ளே சட்டையை இறுக்கிப் பிடிக்கும் நாடாவிலும் வேறு நாடாவின் துண்டை ஒட்டுப்போட்டு நீளம் கூட்டியிருக்கிறார்கள். ஆக, இது ஏதோ ஒரு நாள் நாடகத்துக்காக அவசரமாக அகலப்படுத்திய வேலை இல்லை. அந்த இடுப்பில் ஒருத்தி இந்தச் சட்டையைப் போட்டு வாழ்ந்திருக்கிறாள். முதலில் போட்டவளேதானா, சட்டை கை மாறி வேறொருத்திக்குப் போனதா என்று தையல் சொல்லாது. பழையதை எறியாமல், உள்ளே விட்டிருந்த துணியைப் பயன்படுத்தி, தனக்குப் பொருந்தும்படி செய்துகொண்டாள் என்பது வரை சொல்லுகிறது.

பொறுப்பாளரிடம் படங்களைக் காட்டினேன்.

"இந்தக் கைத்தையலை எடுத்தால் நூல் போகும், முடிச்சுப் போகும். நடுப்பட்டை மறுபடி உள்ளே மறைந்துவிடும். வியர்வைக் கோடு நடுவில் துண்டாகும். அப்புறம் இது 1895-ல் தைத்ததும் பெட்டிக்குள் போன சட்டை மாதிரி தெரியும். அப்படி ஒரு சட்டை இருந்ததே இல்லையே" என்றேன்.

"மறுபடி தைக்கும்போது பழைய ஓட்டையிலேயே ஊசி போகுமே, அதனால் கெடுதல் வருமா?" என்று கேட்டார். சரியான கேள்வி. ஓட்டையைவிட மடிப்புத்தான் கவலை. இத்தனை காலம் ஒரு பக்கமாக மடிந்து கிடந்த லைனிங் பட்டை இன்னொரு கோட்டில் மடித்தால், அந்தக் கோட்டிலேயே முறியும். அதையும் சொன்னேன். அவர் படங்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சரி, அகலமான இடுப்பாகவே காட்டுவோம். உள்பக்கத்தின் படத்தையும் பக்கத்தில் வைப்போம்" என்று சொல்லிவிட்டார்.

பிற்காலத் தையலை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் உள்ள 1813-ஆம் ஆண்டின் பெரிய அமெரிக்கக் கொடிக்கு 1914-ல் அமீலியா ஃபௌலர் தலைமையில் லினன் துணியைப் பின்னால் வைத்துச் சுமார் 17 லட்சம் தையல் போட்டார்கள். அன்றைக்கு அது கொடியைக் காப்பாற்றியது. ஆனால் 1990களின் இறுதியில் பரிசோதித்தபோது அந்தத் தாங்கு துணியே கொடிக்குச் சுமையாக இருந்ததால், தையல்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார்கள். இயேசுவின் உடலைப் போர்த்தியது என்று பலர் நம்பும், இத்தாலியின் டூரின் நகரில் உள்ள புனிதத் துணியில் 1532 தீ விபத்துக்குப் பிறகு, 1534-ல் கன்னியாஸ்திரீகள் போட்ட ஒட்டுகளை 2002-ல் மெக்டில்ட் ஃப்ளூரி-லெம்பர்க் தலைமையில் அகற்றியபோது, அது தேவையா என்று பெரிய வாதமே நடந்தது. ஒட்டு அசிங்கமாக இருக்கிறது, காலத்தால் பிந்தியது என்பதெல்லாம் எடுப்பதற்குக் காரணமே இல்லை என்பது என் முடிவு. அது துணியை இழுக்கிறதா, அரிக்கிறதா, கீழே அழுக்கைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று மட்டும்தான் நான் பார்ப்பேன். இங்கே பக்கத் தையல் எந்தக் கெடுதலும் செய்யவில்லை.

முதுகில் அந்து தின்ற ஓட்டைகளில் சிலவற்றை யாரோ முன்பே இழையோட்டி அடைத்திருந்தார்கள். அதே பருத்தி நூல், அநேகமாக அதே கை. அவற்றையும் அப்படியே விட்டேன், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் நூலை இறுக்கி இழுத்ததால் சுற்றியுள்ள கம்பளி சுருங்கி, அந்தச் சுருக்கத்தின் நுனியிலிருந்து புதிதாக ஒரு கிழிசல் கிளம்பியிருந்தது. முழுதாக எடுக்காமல், இழுப்புக் கொடுத்த மூன்று இழைகளை மட்டும் நுண்கத்தரியால் வெட்டித் தளர்த்தினேன். எடுத்த நூல்துண்டுகள் உறையில் போட்டு, எங்கிருந்து வந்தவை என்று வரைபடத்தில் குறித்து, கோப்போடு சேர்ந்துவிட்டன.

சுத்தம் செய்வதில் முதலில் தீர்மானிக்க வேண்டியது துவைக்கலாமா என்பது. துவைத்தால் அமிலமும் அழுக்கும் போகும், இழை கொஞ்சம் இளகும்; உண்மைதான். ஆனால் போனது திரும்பி வராது. ஊதாப் பட்டியின் உட்புற ஓரத்தில் அயனி நீக்கிய நீர் ஒரு துளி வைத்து, ஒற்றுத்தாளை வைத்து, மேலே சிறு கண்ணாடி எடை வைத்தேன். எடுத்தபோது ஒற்றுத்தாளில் தெளிவாக ஊதா வட்டம். சாயம் நீரில் இறங்குகிறது. அதோடு கொக்கிகள் இரும்பு, துருப்பிடித்தவை. நனைத்தால் துரு பரவும். கம்பளி, பருத்தி, பட்டு ஒவ்வொன்றும் நனைந்தால் ஒவ்வோர் அளவுக்கு நீளும், சுருங்கும். ஒன்றாகத் தைத்திருக்கும்போது அது ஒன்றையொன்று இழுக்கும். இதற்கெல்லாம் மேலே வெள்ளீயம்.

கச்சாப் பட்டில் இயற்கையாகவே இருக்கும் பசையை நீக்கினால் எடையில் கால்பங்கு வரை குறைந்துபோகும். பட்டு எடைக்கு விற்ற சரக்கு. இழந்த எடையை ஈடுகட்ட உலோக உப்புகளில் முக்கி எடுக்கும் வழக்கம் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வெள்ளீய உப்புகள் பெருகின. ஈடுகட்டுவதோடு நிற்காமல் மூல எடைக்கு மேலேயும் ஏற்றினார்கள். கனத்து விழும், சரசரக்கும், கைக்கு நல்ல பட்டாகத் தெரியும். ஆனால் அந்த உப்பே ஒளியோடு சேர்ந்து இழையை உள்ளிருந்து சிதைக்கிறது. இந்த லைனிங்கில் ஊடை நூல்கள், அதாவது நெசவில் குறுக்கே ஓடுபவை, அறுந்து, பாவு வாக்கில், அதாவது நீள நூல்களின் திசையில், நீள நீளமாகக் கிழிந்து, தொட்டால் செதிலாக உதிரும் நிலை. அதே வயதுடைய, எடை ஏற்றாத பட்டு இன்றும் மடக்கி நீட்டும்படி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சட்டையில் வெளியே தெரியாத பாகம்தான் முதலில் சாகிறது.

ஆகவே துவைக்கவில்லை. வியர்வைக் கோட்டையும் விட்டுவைத்தேன், அது சாட்சி என்பதால். 1998-ல் இங்கிலாந்தின் துணிப் பாதுகாப்பு மையத்தில், வீட்டுச் சுவரிலும் புகைபோக்கியிலும் வேண்டுமென்றே ஒளித்துவைத்த பழைய உடைகளைப் பதிவு செய்யும் திட்டம் தொடங்கியபோது அழுக்கையும் கசங்கலையுமே ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். அந்த நியாயம் இங்கேயும் பொருந்தும்.

தூசி எடுப்பது உறிஞ்சும் வேகத்தைக் குறைத்துவைக்கும் வாக்குவம் கிளீனரால். நுனிக்கும் துணிக்கும் நடுவே மெல்லிய வலை. மென்மையான தூரிகையால் தூசியைக் கிளப்பி நுனியை நோக்கித் தள்ள வேண்டும். நுனி துணியைத் தொடக் கூடாது. கம்பளியின் மேற்பரப்பில் ஒட்டிய கரிக்கு ஒப்பனைக்குப் பயன்படும் பஞ்சு, உலர்ந்ததாக. மேலே சொன்ன அமெரிக்கக் கொடியிலும் இதைத்தான் பயன்படுத்தினார்கள். தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு பக்கம் கறுத்ததும் புதுப் பஞ்சு. பட்டின் அருகே இரண்டும் போகவில்லை.

கசங்கலிலும் இரண்டு வகை. முழங்கையின் உள்பக்கம் விசிறியாக விழுந்த சுருக்கங்கள் கையை மடக்கி மடக்கி வந்தவை. அவற்றைத் தொடவில்லை. உப்பிய கையின் நடுவே ஓடிய கத்தி மடிப்பு பெட்டியில் தட்டையாக அமுக்கி வைத்ததால் வந்தது, அதில் கம்பளி நைந்துகொண்டிருந்தது. அதற்கு மட்டும் ஆவி ஈரம்: மடிப்பின்மேல் கோர்-டெக்ஸ், அதன்மேல் ஈரமாக்கிய ஒற்றுத்தாள், மேலே பாலித்தீன் மூடி. கோர்-டெக்ஸ் நீரைத் தடுத்து நீராவியை மட்டும் விடும். இழை இளகியதும் விரலால் நேராக்கி, சிறு கண்ணாடி எடைகளை வைத்து உலரவிட்டால் போதும். இஸ்திரிப் பெட்டிக்கு இங்கே வேலை கிடையாது.

ஓட்டைகளுக்குத் தாங்கு துணி மெல்லிய கம்பளி. சாயம் நாங்களே ஏற்றினோம். நிறம் பார்ப்பது காட்சி விளக்கின் கீழேதான். பகலொளியில் ஒத்துப்போகும் பழுப்பு, விளக்கில் பச்சையடித்துக் காட்டிக்கொடுக்கும். அசலைவிட ஒரு சாயல் மங்கலாக வைத்தால் கண் அதில் தங்காமல் தாண்டிப் போகும். கீழ் ஓரத்தில் மடிப்புத் தையல் ஏற்கெனவே விட்டுப்போயிருந்ததால், அந்த வழியாகவே தாங்கு துணியைக் கம்பளிக்கும் லைனிங்குக்கும் நடுவே நுழைத்து விரிக்க முடிந்தது. பாவு பாவோடு, ஊடை ஊடையோடு ஒரே திசையில் இருக்க வேண்டும். கோணினால் ஈரப்பதம் மாறும்போது இழுப்பு வரும்.

தையல் இப்படி: ஓட்டையின் மேலாக நீளமாக ஓர் இழையைக் கிடத்தி, அதைக் குறுக்கே சிறு தையல்களால் கட்டிப் பிடிப்பது. வளைந்த ஊசி, முடியைவிட மெல்லிய பட்டு இழை. ஊசி நூலைத் துளைக்காமல் இரண்டு நூல்களுக்கு நடுவே புக வேண்டும். லென்ஸின் கீழ் ஊசி முனையை வைத்து, நூல் விலகுகிற மாதிரி லேசாக அசைத்து, இடம் கிடைத்த பிறகே இறக்குவேன். கிடத்திய இழைகள் எல்லாம் ஒரே கோட்டில் முடியக் கூடாது. ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று மாற்றி மாற்றி முடிக்க வேண்டும். ஒரே வரிசையில் முடிந்தால் அந்த வரிசையே அடுத்த கிழிசலாகும். இழுத்துக் கட்டவும் கூடாது, முன்பு இழையோட்டியவர் இறுக்கியதால் வந்ததை மேலே சொன்னேனே.

லைனிங்தான் மிகுந்த நேரம் பிடித்தது. உதிரும் பட்டில் ஊசி போட்டால் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கிழிசல். கிரெப்லைன் என்ற சல்லா போன்ற மெல்லிய பட்டுத் துணியில் பசை தடவி, வெப்பத்தால் ஒட்டுவது ஒரு வழி. முற்றிலும் பொடிந்தவற்றுக்கு அது தவிர வேறு வழியில்லாத நேரமும் உண்டு. ஆனால் ஒட்டியதை, இத்தனை நொறுங்கும் துணியிலிருந்து பிறகு பிரித்தெடுப்பது கடினம். இங்கே பட்டுக்குப் பின்னால் திடமான கம்பளி இருக்கிறது, தையல் ஓரங்கள் உறுதியாக இருக்கின்றன. அதனால் வலையைத் தேர்ந்தெடுத்தேன்: லைனிங்கின் நிறத்துக்குச் சாயமேற்றிய மெல்லிய நைலான் வலை. வெட்டிய ஓரம் பிசிறாது, மடிக்கத் தேவையில்லை, உள்ளே இருப்பது தெரியும்.

முதலில் கிழிந்து சுருண்ட பட்டு நாடாக்களை மென் தூரிகையால் புரட்டி, நெசவின் திசை பார்த்து, அதனதன் இடத்தில் படுக்க வைத்தேன். இடம் தெரியாத துணுக்குகள் உறைக்குப் போயின. பிறகு துண்டு துண்டாக வலையை மேலே விரித்து, பூச்சி ஆய்வில் பயன்படும் மெல்லிய துருப்பிடிக்காத ஊசிகளால் நிறுத்தி, தையல் ஓரங்களை ஒட்டி மட்டும் தைத்தேன். பிடிமானம் முழுக்கக் கம்பளியில்தான். பட்டின் நடுவில் ஒரு தையல்கூட இல்லை. வலைக்கும் கம்பளிக்கும் நடுவே அது சும்மா படுத்திருக்கிறது. பக்கத் தையல் வந்த இடத்தில் மட்டும் வலையின் ஓரத்தை ஒதுக்கி வளைத்துவிட்டேன், பழைய ஓட்டை வரிசையும் கைத்தையலும் மறையாமல் அடுத்து வருபவர் நேராகப் பார்க்கும்படி. கொக்கிகளின் துருவை உலர்ந்தபடியே லேசாகத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் பாலியெஸ்டர் தகட்டில் வெட்டிய சிறு தடுப்பு.

காட்சிக்கு வைக்கும் உடல் உருவத்தைச் சட்டைக்கு ஏற்பச் செய்தோம். சட்டையின் உள்ளளவை எடுத்து, பருத்தியில் மாதிரிச் சட்டை ஒன்று தைத்து, அதைத்தான் போட்டுக் கழற்றிப் பார்த்தோம். அசல் ஒரே முறை ஏறியது. உருவம் சட்டையைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். வேண்டிய இடத்தில் பாலியெஸ்டர் பஞ்சு வைத்துக் கூட்டிக்கொள்ளலாம். உப்பிய கைக்குள் விறைப்பான வலையை மடித்து நிரப்பினோம், அதன் எடை துணிமேல் வராதபடி. இடுப்பு, பிரித்துத் தைத்த பிறகான அளவு. மார்பும் தோளும் முதல் அளவு. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே கோடு கொஞ்சம் மாறி இறங்குகிறது; அதுதான் இந்தச் சட்டையின் உண்மையான உருவம், பார்க்கவும் நன்றாகவே இருக்கிறது.

ஊதாப் பட்டி பற்றி ஒரு வார்த்தை. வெளியே அது இப்போது சாம்பலும் பழுப்புமாக இருக்கிறது. மடிப்புக்குள் பார்த்தால் கண்ணை அடிக்கும் ஊதா. வில்லியம் பெர்கின் 1856-ல் செயற்கையாக ஊதாச் சாயத்தை உண்டாக்கிய பிறகு, அடுத்தடுத்து வந்த ஊதாக்களில் பல வெளிச்சத்துக்கு நிற்காதவை. மிச்சமிருக்கும் நிறத்தைக் காக்க 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் ஒளி வேண்டாம், புற ஊதாக் கதிரை வடிகட்ட வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். 50 லக்ஸ் என்பது பாதுகாப்பான அளவு அல்ல, மெதுவான சேதம். சேதம் கூடிக்கொண்டே போகும், இருட்டில் வைத்தால் மீளாது. ஆகவே எத்தனை மாதம் காட்சி, எத்தனை காலம் பெட்டி என்பதும் அறிக்கையில் இருக்கிறது. கண்ணாடிப் பேழைக்குள் ஒரு ஓரமாக நீலக் கம்பளி அட்டை ஒன்றும் வைத்தோம்: ஒளிக்கு வெவ்வேறு அளவில் தாங்கும் எட்டு நீலப் பட்டைகள், பாதியை மூடி. முதல் பட்டையின் திறந்த பாதி வெளிறத் தொடங்கினால் சட்டையும் வாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

காட்சி முடிந்து இறக்கும்போது பெட்டிக்கு அமிலமில்லாத, காரம் சேர்க்காத டிஷ்யூ தாள் வேண்டும். காரம் சேர்த்த தாள் பருத்திக்கும் லினனுக்கும் நல்லது, கம்பளிக்கும் பட்டுக்கும் ஆகாது. ஒவ்வொரு மடிப்பின் உள்ளேயும் சுருட்டிய டிஷ்யூ, முன்பு கத்தி மடிப்பு விழுந்த இடத்தில் மறுபடி மடிப்பு வராமல். இறக்கிய அன்றே இடது பக்கத் தையலை அதே கோணத்தில், அதே நிற அட்டையோடு படமெடுத்து, மூன்று பழுப்பையும் கோப்பிலுள்ள படத்தோடு ஒப்பிட வேண்டும் என்று அறிக்கையின் கடைசி வரியில் எழுதியிருக்கிறேன்.